ஆபரேஷன் முடிந்து வீடு வரும் பூனை: முதல் ராத்திரியும் அடுத்த பத்து நாளும்

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறோம், பழைய நாட்டுக்கோட்டை வீடு. ஒன்றரை வயதுப் பெண் பூனைக்கு வருகிற சனிக்கிழமை மதுரையில் கருத்தடை ஆபரேஷன். எடை மூன்றரைக் கிலோ. அன்றைக்கே சாயங்காலம் காரில் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் ஓர் ஆண் பூனையும் உண்டு. ராத்திரி எங்கே படுக்கவைப்பது, சாப்பிட என்ன கொடுப்பது, வலிக்கு மாத்திரை கொடுக்கலாமா, காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு கட்டாயமா? காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவலாம் என்கிறார்கள் எங்கள் ஆயா. செய்யலாமா?

பதில்: ஆயாவின் கேள்விக்கு முதலில் பதில். மஞ்சளும் வேண்டாம், வேப்பெண்ணெயும் வேண்டாம். மஞ்சள் அப்பிய தோலில் சிவப்பு தெரியாது. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் காயத்தில் நாம் தேடிப் பார்க்க வேண்டியதே அந்தச் சிவப்பைத்தான். எண்ணெய் தடவினால் காயம் ஈரமாகவே கிடக்கும், தோல் பசை போட்டு ஒட்டியிருந்தால் பசையும் இளகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூனை தன் உடம்பில் பட்டதை நக்காமல் விடாது. அதன் தோலில் எதைத் தடவினாலும் வாயில் ஊற்றியதாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், திருநீறு, நமக்கு வாங்கிவைத்த காயக் களிம்பு, எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் தவிர காயத்தில் ஒன்றும் படக்கூடாது.

ஆபரேஷன் மேசையில் கெடுவது அபூர்வம். வீட்டுக்கு வந்த பிறகு கெடுவதுதான் அதிகம். முதல் ராத்திரி மயக்கம் தெளியாமல் எங்கேயாவது ஏறி விழும், அல்லது உடம்பு குளிர்ந்துபோகும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறைந்துவிடும், அப்போது தாவும், தையலை நக்கிப் பிரிக்கும். இதற்கெல்லாம் மருந்து கிடையாது, சின்ன அறைதான் மருந்து. ஆகவே சனிக்கிழமைக்கு முன்னாலேயே அறையைத் தயார் செய்துவிடுங்கள்.

நாட்டுக்கோட்டை வீடு பூனைக்குச் சொர்க்கம். அதனாலேயே ஆபரேஷன் ஆன பூனைக்கு ஆகாது. வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) விட்டால் தூணைப் பிடித்து ஓட்டுக்கு ஏறப் பார்க்கும். மயக்கம் பாதி தெளிந்த பூனைக்கு இருட்டும் இடுக்கும்தான் வேண்டும். பெட்டகத்துக்குப் பின்னாலோ, சாமான் அடுக்கிய பூட்டு அறைக்குள்ளோ புகுந்துவிட்டால் வெளியே இழுப்பதற்குள் தையல் போய்விடும். கீழ்த்தளத்தில் வளவைச் சுற்றியுள்ள சின்ன அறைகளில் ஒன்றை ஒதுக்குங்கள். கட்டில், நாற்காலி, அலமாரி எதுவும் உள்ளே வேண்டாம். மரச்சாமானை நகர்த்த முடியாது என்றால் அதன் மேலும் அடியிலும் போக முடியாதபடி அட்டையால் அடைத்துவிடுங்கள். சன்னல் கம்பி இடைவெளி அகலமாக இருக்கும். தலை நுழைந்தால் பூனை முழுதும் நுழைந்துவிடும், கீழ்க்கதவைச் சாத்தி வையுங்கள். பழைய அறைகளில் துணிக்கிடையே பூச்சி உருண்டையும் கற்பூரமும் கிடக்கும், இரண்டும் பூனைக்கு விஷம், எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

அறையை ஃபினாயிலோ டெட்டாலோ போட்டுத் துடைக்காதீர்கள். பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே வாயில் எச்சில் வடிந்து புண்ணாகும். சோப்புத் தண்ணீர் போட்டு, வெறும் தண்ணீரால் இரண்டு தரம் துடைத்து, காயவிட்டால் போதும்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தங்குடிக் கல் சித்திரை வெயிலிலும் காலுக்குக் குளுகுளுவென்றிருக்கும். நமக்குச் சுகம். மயக்க மருந்து போட்ட பூனைக்குச் சில மணி நேரம் தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. வயிற்று முடியை வேறு மழித்திருப்பார்கள், அந்த வழித்த வயிறுதான் தரையில் படும். ஆகவே கீழே ஒரு சாக்கு, அதன்மேல் நாலாக மடித்த பழைய போர்வை, அதற்கும் மேல் துவைத்த பழைய பருத்தி வேட்டி. டர்க்கி துண்டு வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும். விளிம்பு உயர்ந்த கூடையோ தொட்டியோ இல்லாமல் தரை மட்டத்திலேயே படுக்கை இருக்கட்டும். தள்ளாடிக்கொண்டு விளிம்பைத் தாண்டும்போதுதான் வயிறு இழுபடும். வாசலில் உயர்ந்த நிலைப்படி இருந்தால் பூனை தானாகத் தாண்ட வேண்டிய நிலை வராதபடி கதவைச் சாத்தியே வையுங்கள்.

இனி மதுரையிலிருந்து கிளம்புவது. பூனையைக் கையில் தரும்போது தலையைத் தானாகத் தூக்கிப் பிடிக்கிறதா, கூப்பிட்டால் காது திரும்புகிறதா என்று பாருங்கள். துணிபோல் தொங்கினால் கூச்சப்படாமல், இன்னும் ஒரு மணி நேரம் இங்கேயே இருக்கட்டும் என்று கேளுங்கள். மேலூர், திருப்பத்தூர் வழியாக உங்களுக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். நடுவழியில் ஏதாவது ஆனால் அந்த நேரத்தில் பூனை பார்க்கும் டாக்டரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

கிளம்புவதற்கு முன் சிலவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்ன மயக்க மருந்து கொடுத்தார்கள். வலிக்கு ஊசி போட்டார்களா, எத்தனை மணிக்கு, அடுத்த வேளை எப்போது. வெட்டு வயிற்றின் நடுவிலா, இடது விலாப்பக்கமா (நம் ஊரில் இரண்டும் செய்கிறார்கள்). தையல் தானாகக் கரைவதா, பிரிக்க வேண்டியதா. ராத்திரி கூப்பிட எந்த எண். மருந்துச் சீட்டில் 1-0-1 என்றிருந்தால் காலை, இரவு என்று நமக்குத் தெரியும். முதல் வேளை இன்றைக்கு ராத்திரியா, நாளைக்குக் காலையா என்பதைத்தான் பலர் கேட்காமல் வந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, முன்னங்காலைப் பாருங்கள். குளுக்கோஸ் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி சுற்றியிருப்பார்கள். அதை எப்போது எடுப்பது என்று கேளுங்கள். பொதுவாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டியது. மறந்து விட்டால் காலையில் பாதம் பந்துபோல் வீங்கி நிற்கும். கத்தரியால் வெட்டாதீர்கள், முடிக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியாமல் தோலை வெட்டிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் உண்டு. நுனியைப் பிடித்து மெதுவாகச் சுற்றி எடுங்கள், ஒட்டிக்கொண்டால் நுனியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டால் வந்துவிடும். காயத்துக்குத்தான் எண்ணெய் கூடாது, பிளாஸ்திரிக்குப் பாதகமில்லை, பிறகு துடைத்துவிடுங்கள்.

காரில் மடியில் வைக்காதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் கேரியர் நல்லது. இல்லையென்றால் மூடி உள்ள பிளாஸ்டிக் கூடையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளலாம். பனையோலைக் கொட்டான் இதற்கு ஆகாது, மிரண்ட பூனை நிமிஷத்தில் பிய்த்துவிடும். பக்கவாட்டில் படுக்கவைத்து, கழுத்து நேராக நீண்டிருக்கட்டும். தாடை மார்பில் இடிக்கும்படி சுருண்டிருந்தால் மூச்சுக்குழல் மடங்கும். ஏ.சி. 26-க்குக் குறைய வேண்டாம், காற்று நேராகக் கூண்டில் பட வேண்டாம். கூண்டின் பாதியைத் துணியால் மூடுங்கள், வெளிச்சமும் சத்தமும் குறையட்டும்; மறு பாதி திறந்திருந்தால்தான் மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்க முடியும். ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஓங்கரித்து வாந்தி எடுத்தால் கூண்டைத் தலைப்பக்கம் கொஞ்சம் தாழ்த்தி, வாய் ஓரத்தைத் துணியால் துடையுங்கள். விரலை வாய்க்குள் விடாதீர்கள். வழியில் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது, விழுங்கும் உணர்வு முழுதாகத் திரும்பியிருக்காது. திருப்பத்தூரில் டீக்கு நிறுத்தினாலும் ஒருவர் காரில் ஏ.சி.யோடு இருக்கட்டும். சாத்திய கார் வெயிலில் பத்து நிமிஷத்திலேயே அடுப்பாகிவிடும்.

வீடு வந்ததும் கூண்டை அந்த அறையிலேயே தரையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, கூண்டைத் திறந்துவிடுங்கள். தூக்கி எடுக்க வேண்டாம், அதுவாக வரட்டும். கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்திருந்தால் பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். கண் அகலத் திறந்தபடி, கண்மணி விரிந்து, தலை இப்படியும் அப்படியும் ஆடும், பின்னங்கால் பின்னும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும். சைலசின் சேர்த்திருந்தால் ஓரிரு தரம் வாந்தி வரலாம், சிறுநீரும் அதிகம் போகும், படுத்த இடத்திலேயே போய்விடலாம். கண்ணின் உள் ஓரத்திலிருந்து வெள்ளைச் சவ்வு பாதி மூடியிருக்கும். இவை எல்லாம் காலைக்குள் படிப்படியாகக் குறைய வேண்டியவை. வரவரக் குறைகிறதா என்பதுதான் கேள்வி. முதலில் தெளிந்துவிட்டுப் பிறகு திரும்பச் சோர்ந்தால் அது மயக்க மருந்து இல்லை, வேறு ஏதோ.

அறையில் விளக்கைக் குறையுங்கள். டி.வி., பிள்ளைகள், பார்க்க வரும் அக்கம்பக்கம் எல்லாம் நாளைக்கு. இந்த நிலையில் பூனைக்கு ஆள் அடையாளம் சரியாகத் தெரியாது, வளர்த்தவரையே கடிக்கும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனைப்பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும், மேலே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்பதையும் அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

சூடு பார்க்க ஒரு எளிய வழி, காதின் நுனியும் பாத மெத்தையும். இரண்டும் ஜில்லென்றிருந்து பூனையும் மந்தமாக இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் கை பொறுக்கும் வெந்நீர் நிரப்பி, துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, முதுகுப்பக்கம் மட்டும் வையுங்கள். இரண்டு பக்கமும் வைத்தால் சுட்டால் நகர இடம் இருக்காது. மயக்கத்தில் சூடு உறைக்காமலேயே தோல் வெந்துவிடும். ஹீட்டிங் பேடு, குண்டு பல்பு, முடி உலர்த்தும் கருவி மூன்றும் வேண்டாம். தெர்மாமீட்டர் வைக்கத் தெரிந்தவர் இருந்தால் ஆசனவாயில் 100.5-லிருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரை சரி. 99-க்குக் கீழே இறங்கினாலும் 103.5-க்கு மேலே ஏறினாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். கோடையில் பிரச்சினை தலைகீழ்: ஓட்டு வீட்டின் மாடி அறை சாயங்காலம் கொதிக்கும். அதனால்தான் கீழ்த்தள அறை என்றேன். மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிடலாம், டேபிள் ஃபேன் என்றால் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு அவசரமில்லை. தடுமாறாமல் நாலடி நடந்து, தலை ஆடாமல் நின்றால் முதலில் இரண்டு ஸ்பூன் தண்ணீர். அரை மணி நேரம் வாந்தி இல்லையென்றால் வழக்கமான அளவில் கால் பங்கு. ராத்திரி ஒன்றும் தொடவில்லை என்றாலும் பரவாயில்லை, காலையில் கொடுங்கள். எலும்பில்லாமல் வேகவைத்துப் பிய்த்த கோழி, அல்லது முள் எடுத்த வேகவைத்த மீன், உப்பு, மஞ்சள், மிளகு ஒன்றும் சேர்க்காமல், வெதுவெதுப்பாக. சூடான வாசம்தான் பூனையின் பசியைத் தூண்டும், குளிர்ந்த சாப்பாட்டை மோந்துவிட்டுப் போய்விடும். தொண்டியிலிருந்து வரும் சின்ன மீன்களில் முள் அதிகம், இந்த வாரத்துக்குப் பெரிய மீன் துண்டாக வாங்குங்கள். நம் குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இப்போதல்ல, எப்போதுமே வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், செட்டிநாட்டுக் குழம்பில் அது இரண்டும் இல்லாமல் ஏது? பாலும் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும், போகும்போது முக்கும், வெட்டுக்கு அது நல்லதில்லை.

மறுநாள் சாயங்காலம் வரை, அதாவது வீடு வந்து 24 மணி நேரம் ஆகியும் ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் தாங்கும். பூனை, அதிலும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலையே முடக்கிவிடும். அதை மீட்பது ஆபரேஷனைவிடப் பெரிய வைத்தியம்.

வலி மாத்திரை. இங்கேதான் பூனைகள் செத்துப்போகின்றன, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் டோலோ, குரோசின், கால்பால் எல்லாம் பாராசிட்டமால். அதைச் சிதைக்கும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு கிடையாது. கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே விஷக்குறி கண்ட பூனைகள் உண்டு. டோலோ 650-ல் ஒன்று உங்கள் பூனைக்குப் போனால் கிலோவுக்கு 185 மில்லிகிராமுக்கு மேல் ஆகிறது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகும், ஈறு காப்பி நிறத்துக்கு மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். கால் மாத்திரை, அரைக்கால் மாத்திரை என்ற பேச்சே வேண்டாம். யாராவது தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் ஓடுங்கள். அசிட்டைல்சிஸ்டைன் என்ற முறிமருந்து உண்டு, எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு பலன். புரூஃபென், வோவரான், ஆஸ்பிரின், நிமிசுலைடு எதுவும் கூடாது.

டாக்டர் எழுதுவது பெரும்பாலும் மெலாக்சிகம் சொட்டு மருந்தாக இருக்கும். அதிலும் ஒரு பொறி உண்டு. பூனைக்கு என்று வரும் பாட்டிலில் மில்லிக்கு 0.5 மில்லிகிராம், நாய்க்கு வரும் பாட்டிலில் 1.5. அளவு ஒரே மில்லி என்று நினைத்து நாய்ப் பாட்டிலிலிருந்து எடுத்தால் மூன்று மடங்கு போய்விடும், சிறுநீரகம் அடிவாங்கும். கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்று எழுதினால் மூன்றரைக் கிலோவுக்கு 0.175 மில்லிகிராம், பூனைப் பாட்டிலில் 0.35 மில்லி, நாய்ப் பாட்டிலில் 0.12 மில்லிக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு மில்லி சிரிஞ்சின் ஊசியைக் கழற்றிவிட்டு அளந்தால்தான் இந்த அளவு கைக்கு வரும். எத்தனை மில்லி என்பதை டாக்டரே சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டட்டும். சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். சாப்பிடாத, தண்ணீர் குடிக்காத, வாந்தி எடுக்கிற பூனைக்கு அந்த வேளையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதியிருந்தால் அதை வறட்டுத்தொண்டையில் தள்ளக் கூடாது. உணவுக்குழாயில் தங்கி அரித்து, பிறகு குழாயே சுருங்கிப்போகும். மாத்திரைக்குப் பின் சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீர், கடைவாய்ப் பக்கத்திலிருந்து மெதுவாக.

கூம்பு கட்டாயமா என்றால், நக்கவிடாமல் இருப்பது கட்டாயம், கூம்பு அதற்கு ஒரு வழி. பூனை நாக்கில் பின்னோக்கி வளைந்த முள் வரிசை இருக்கிறது, பத்து நிமிஷம் ஊன்றி நக்கினால் நைலான் தையலும் தளரும். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். இரண்டில் எது தப்பினாலும் மாட்டியும் பயனில்லை. சாப்பிடும்போது நீங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தால் கழற்றலாம், முடிந்ததும் மாட்டிவிடுங்கள். முதல் மணி நேரம் பின்னோக்கியே நடந்து சுவரில் முட்டும். பாவமாகத்தான் இருக்கும், கழற்றிவிடாதீர்கள். பெரும்பாலானவை ஒரு நாளில் பழகிவிடும்.

நடுவயிற்றிலோ விலாவிலோ வெட்டு என்றால் சட்டையும் போடலாம். பழைய பருத்திப் பனியன் கையோ, பெரியவர் அணிந்த டி-சர்ட் கையோ எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் கழுத்திலிருந்து வால் அடி வரை. முன்னங்கால்களுக்கு இரண்டு ஓட்டை, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. பின்பக்கம் இரண்டு கீறல் போட்டு, தொடையைச் சுற்றி முதுகில் முடிச்சிடுங்கள். மலஜலம் போகும் இடம் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். தலை வழியாக மாட்டும்போது ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் நைலான் கலந்த துணி வியர்வைபோல் ஈரம் கட்டி, தையலைச் சுற்றிப் புண்ணாக்கும். சுத்தப் பருத்தி, காலையும் மாலையும் மாற்று, மாற்றும்போதே காயத்தைப் பார்த்துக்கொள்ளலாம். சட்டைக்கு மேலேயே நக்கி நனைக்கிற பூனைக்குச் சட்டை ஒத்துவராது, கூம்புக்குப் போங்கள்.

காயத்தைத் தினமும் இரண்டு வேளை பாருங்கள், ஒரே வெளிச்சத்தில் போனில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். மூன்று நாள் கழித்து இது நேற்றைக்கும் இப்படித்தானா என்ற சந்தேகம் வரும்போது படம்தான் பதில் சொல்லும். முதல் நாள் விளிம்பு இளஞ்சிவப்பாக, ரத்தம் கலந்த நீர் ஒன்றிரண்டு சொட்டு கசிந்திருக்கலாம். சுற்றி நீலம் பாரித்திருக்கலாம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வெட்டுக்கு அடியில் பயறு, பட்டாணி அளவில் கெட்டியாக ஒரு தடிப்பு வரும். உள்தையல் நூலுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது, சில வாரத்தில் கரையும். மெத்தென்று, அமுக்கினால் உள்ளே போய் மறுபடி வரும் வீக்கம் வேறு. அது உள்சுவர்த் தையல் விட்டு குடலோ கொழுப்போ பிதுங்குவது. அமுக்கி அமுக்கிப் பார்க்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். சீழ், நாற்றம், விளிம்பு பிரிந்து உள்ளே தெரிவது, முதல் நாள் கழிந்தும் நிற்காத கசிவு, இவை எல்லாமே அன்றைக்கே பார்க்க வேண்டியவை.

நம் ஊரில் ஈயை மறக்கக் கூடாது. ஈரமான காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழுவாகிவிடும். அரிசி நொய்போல் வெள்ளையாக முடியில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் முட்டை. பகலில் படுக்கைக்கு மேல் கொசுவலை கட்டிவிடுங்கள், கொசுவுக்கும் அதுவே போதும், கொசுவர்த்திப் புகை இந்த அறையில் வேண்டாம். நாய்க்கு வாங்கிவைத்த உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது, அப்படிச் சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் வலிப்பு வரவைத்துக் கொன்றுவிடும். சாப்பாட்டுத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வைத்தால் எறும்பு வராது; மிச்சத்தை அரை மணியில் எடுத்துவிடுங்கள்.

காயத்தைச் சுற்றி அழுக்கானால் அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகத் தூள் உப்பைக் கரைத்து, சுத்தத் துணியில் நனைத்து ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், பஞ்சு வேண்டாம், நார் தையலில் சிக்கும். குளிப்பாட்டுவது தையல் பிரித்துச் சில நாள் கழித்துத்தான்.

மலஜலத் தட்டில் மண்ணும் மணலும் இந்தப் பத்து நாளைக்கு வேண்டாம், காயத்தில் ஒட்டும். செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்துப் போடுங்கள். தட்டின் விளிம்பு மூன்று விரல் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். சிறுநீர் 24 மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும். மலம் இரண்டு மூன்று நாள் வராவிட்டாலும் கவலையில்லை, ஆபரேஷனுக்கு முன் பட்டினி கிடந்த வயிறு.

ஆண் பூனையைப் பத்து நாளும் வீட்டின் வேறு பகுதியில் வையுங்கள். ஆஸ்பத்திரி வாசத்தோடு வரும் பூனையைக் கூடவே வளர்ந்த பூனையும் அந்நியன் என்று சீறும், அடிக்கும். இருவரின் துணியையும் மாற்றி மாற்றிப் போட்டால் வாசம் கலந்து சீற்றம் அடங்கும். பெண் பூனை கத்தும் பருவத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்த அறிகுறி அடங்கச் சில நாள் ஆகும், அதற்குள் ஆண் ஏற முயன்றால் காயம் தாங்காது.

ராத்திரி எந்த நேரமானாலும் காத்திருக்கக் கூடாதவை இவை: ஈறு வெளிறிப்போவது (விரலால் அமுக்கி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும்), வாயைத் திறந்து மூச்சு விடுவது, தூங்கும்போதே நிமிஷத்துக்கு 40-க்கு மேல் மூச்சு, வயிறு உப்பிக்கொண்டே வருவது, வெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம், எழுப்பியும் எழாத தூக்கம். வெளிறிய ஈறும் உப்பும் வயிறும் சேர்ந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் போட்டபடியே கிளம்புங்கள். குடல் பிதுங்கினால் உள்ளே தள்ளாமல், உப்புத்தண்ணீரில் நனைத்த சுத்தத் துணியால் மூடி, சுற்றிக் கட்டிக் கொண்டுபோங்கள். 1962 என்ற எண்ணில் கூப்பிடும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி முதன்மையாக ஆடுமாடுகளுக்காக ஓடுவது, ராத்திரி அதை நம்பி உட்காராதீர்கள். மதுரை, திருச்சி இரண்டிலும் ராத்திரி பார்க்கும் இடம் ஒன்றின் எண்ணையாவது வெள்ளிக்கிழமையே வாங்கிவையுங்கள். தொண்டையில் குழாய் விட்டிருந்தால் ஓரிரு நாள் இருமல் வரலாம், அது அவசரமில்லை.

நாலாம் நாள் பூனை உங்களை நம்பவைத்துவிடும். ஓடும், கதவைப் பிறாண்டும், ஒன்றுமே ஆகாததுபோல் தாவப் பார்க்கும். திறந்துவிடாதீர்கள். தோல் பத்து நாளில் ஒட்டும், உள்சுவருக்குப் பலம் வர வாரக்கணக்காகும். பிரிக்க வேண்டிய தையல் என்றால் 10-லிருந்து 14 நாளுக்குள் டாக்டரிடம். வீட்டுக் கத்தரியால் வெட்டி இழுக்க வேண்டாம்.

தையல் பிரித்த பிறகு சாப்பாட்டு அளவை ஏறக்குறையக் கால் பங்கு குறைத்துவிடுங்கள், கருப்பை, சினைப்பை எடுத்த பூனைக்குத் தேவை குறையும், பசி மட்டும் கூடும். மாதம் ஒருமுறை எடை பாருங்கள்: பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு தரம், தனியாக ஒரு தரம், வித்தியாசம்தான் பூனை. ஆண் பூனைக்கும் செய்வதாக இருந்தால் அதன் காயத்தில் பெரும்பாலும் தையலே இருக்காது, திறந்தபடி தானாக மூடும், ஐந்தாறு நாளில் ஆறிவிடும். செய்தித்தாள் தட்டும் கூம்பும் அதற்கும் வேண்டும். சிறுநீர் கழிக்க முக்கிக்கொண்டு ஒன்றும் வராமல் உட்கார்ந்திருந்தால் அதுவும் ராத்திரி அவசரம்தான். ஆபரேஷனுக்குப் பிறகும் நாலு முதல் ஆறு வாரம் அதற்குக் குட்டி கொடுக்கும் திறன் இருக்கலாம், தெருப் பெண் பூனைகள் பக்கம் அதுவரை விடாதீர்கள்.